கேட்டது எங்களையே

"மிகத் தெளிவாகக் கேட்டேன், அருமையான நிகழ்ச்சி,
உடனே அட்டை அனுப்பவும்" என்று
ஒற்றை வரியில் எழுதாதீர்கள், ஐயா.
என்ன கேட்டீர்கள்?
பாட்டென்றால் ஆண் குரலா, பெண் குரலா,
எத்தனையாம் நிமிடத்தில் அலை மங்கிற்று,
செய்தி வாசித்தவர் இடையில் இருமினாரா.
ஓர் இருமல் போதும் எனக்கு.
அந்த இரவின் நாடாவைச் சுழற்றி
அதே இருமலில் உங்களைக் கண்டுபிடித்துவிடுவேன்.

நேரத்தை உலக நேரத்தில் தாருங்கள்.
ஐந்தரை மணி கூட்டிக்கொள்வது என் பாடு.
பதினெட்டு வருடமாகக் கூட்டுகிறேன்.
சோறு வடிக்கையிலும் கூட்டிவிட்டு
அடுப்படியில் முழித்துக்கொண்டு நிற்பேன்.

மறுமொழிக்கு முத்திரை வைப்பது நல்ல பழக்கம்,
ஆனால் உங்கள் நாட்டு முத்திரை வேண்டாம்.
நிலாவெளித் தபால் கந்தோரில் அது செல்லாது;
தபாலதிபரின் மகன் ஆவியில் காட்டி உரித்து
ஆல்பத்தில் ஒட்டிக்கொள்வான்.
டொலர் வைப்பவர்கள் கரித்தாளில் சுற்றி வையுங்கள்.
இதற்கு மேல் விளக்கம் கேட்காதீர்கள்.

மூன்று மாதம் பொறுங்கள். பிறகு நினைவூட்டுங்கள்.
ஹிராயாமா அவர்களே, உங்கள் அட்டை தாமதித்த கதை இது:
திருகோணமலைப் பட்டினத்தில் தெருவெல்லாம் மான்கள்.
சைக்கிள் பையிலிருந்து தலைநீட்டிய உங்கள் உறையை
ஒன்று கடித்துவிட்டது.
தெருப் பெயர் இருந்தது. இலக்கம் இருந்த இடத்தில்
அரைவட்டமாய்ப் பல்தடம்.
இனிமேல் முகவரியை உள்ளேயும் ஒருமுறை எழுதுங்கள்.

முக்கியமானது, மதிப்பெண்.
வலிமைக்கு ஐந்து, இடையூறுக்கு ஐந்து,
இரைச்சல், மங்கல், மொத்தம், எல்லாம் ஐந்து ஐந்து ஐந்தா?
உப்புக்காற்றில் துருவேறி நிற்கும் எங்கள் கோபுரங்களே
அப்படிச் சொல்லிக்கொள்ள வெட்கப்படும்.
ஓர் இரண்டைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரும்.

பிரேசிலிலிருந்து ஒருவர்
ஐந்து ஐந்துகளும் போட்டு அனுப்பியிருந்தார்.
திகதியைப் பார்த்தேன். சூறாவளி இரவு.
மின்பிறப்பாக்கி முழங்கால் வெள்ளத்தில்,
பொறியியலாளர் மஹ்ரூப் ஈரச் சாரத்தோடு
என் மேசைமேல் ஏறிப் படுத்திருந்தார்.
ஒரு சொல்லும் இங்கிருந்து போகவில்லை.
"மன்னிக்கவும், அன்று நாங்கள் ஊமை" என்று எழுதினேன்,
அவ்வளவுதான்; திட்டவில்லை.
அடுத்த தபாலில் மன்னிப்பும் வந்தது,
கூடவே வேறொரு திகதிக்கு
இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு.
இந்த முறை இருமல் சரியாக இருந்தது.

இவ்வளவும் தெரிந்த எனக்கு
போன கிழமை வந்த கடிதத்துக்கு முறை தெரியவில்லை.
செட்டிகுளம், அரிசி ஆலைக் கணக்கர், சூசைதாசன்.
பதினொரு இரவு முயன்றாராம்.
திகதி, உலக நேரம், அலைவரிசை, வானிலை,
கம்பியின் நீளம், அது கட்டிய வேப்பமரத்தின் உயரம்,
ஒவ்வொரு வரியின் கடைசியிலும்: "இரைச்சல் மட்டும்."
கீழே: "கேட்கவில்லை என்பதை
உறுதிப்படுத்த முடியுமா?"

அலை எழும்பி வானத்தில் முட்டி
தூர தேசத்தில் இறங்கும்.
இறங்கும் இடத்துக்கும் எங்களுக்கும் நடுவில்
கிடக்கிற ஊர்களுக்கு ஒன்றும் கிடையாது.
அவர் கூரைக்கு மேலால்
பதினொரு இரவும் போயிருக்கிறோம்.
நாடாவைப் போட்டுப் பார்த்தேன்,
அவர் கேட்காத நிமிடங்கள் ஒவ்வொன்றாக.
எல்லாம் சரி. திகதிகூடப் பிழையில்லை.

அட்டையில் அச்சடித்திருக்கும்:
"நீங்கள் கேட்டது எங்களையே."
கேட்டது என்பதை வெட்டி
கேட்காதது என்று எழுதி
மஹ்ரூபிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.
இரண்டு தரம் வாசித்தார். பேனையைத் தேடினார்.

முத்திரை வைத்திருந்தார் சூசைதாசன்,
உள்நாட்டு முத்திரை,
ஒரு ரூபாய் கூடுதலாகவே.